"மோசமான வானிலையே காரணம்": பயணிகள் விமானத்தின் முதல் இருபது ஆண்டுகளில் உண்மையில் என்ன நடந்தது?

விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்தால் மறுநாள் செய்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: மோசமான வானிலையே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது. படிப்பவருக்கு அதற்கு மேல் ஒன்றும் விளங்குவதில்லை. மழை பெய்தால் விமானம் ஏன் விழ வேண்டும்? மேகம் வெறும் நீர்த்துளிக் கூட்டம்தானே, அதற்குள் புகுந்தால் என்ன ஆகிவிடும்? பலத்த காற்று இறக்கையை ஒடித்துவிடுமா?

இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, பயணிகள் சேவை நிலைபெறத் தொடங்கிய 1919 முதல் இரண்டாம் உலகப் போர் வரையிலான இருபது ஆண்டுகளைப் பார்ப்பதுதான். அன்றைய விமானங்களில் கருவிகள் குறைவு. எந்தக் கருவி இல்லாததால், எந்தத் தகவல் வந்து சேராததால் எந்த விபத்து நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வானிலை விமானத்தை நேரடியாக உடைத்த விபத்துகளும் உண்டு. ஆனால் அன்றைய பெரிய விபத்துகள் பலவற்றில், மலையிலோ புகைபோக்கியிலோ மோதும் நொடிவரை விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. விமானிக்குத் தெரிந்தே ஆக வேண்டியதைத் தெரியவிடாமல் செய்ததுதான் அங்கே வானிலையின் வேலை.

விமானிக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை நான்கு:

1. விமானம் சமமாகப் பறக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா?
2. இப்போது எந்த இடத்துக்கு மேல் இருக்கிறோம்?
3. தரையிலிருந்து எவ்வளவு உயரம்?
4. போகிற வழியில் வானிலை எப்படி?

வானம் தெளிவாக இருந்தால் முதல் மூன்றுக்கும் வெளியே பார்த்தாலே விடை கிடைத்துவிடும், நான்காவதற்குப் பாதி விடை கிடைக்கும். மேகமோ மூடுபனியோ சூழ்ந்தால் நான்கும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும்.

## தரையைப் பார்த்து ஓட்டிய காலம்

1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் பயணிகள் சேவை தொடங்கியது. முதல் உலகப் போருக்காகக் கட்டிய விமானங்களைக் கொஞ்சம் மாற்றியமைத்துத்தான் பயணிகளை ஏற்றினார்கள். திசைகாட்டி, வேகமானி, உயரமானி, இன்ஜின் மானிகள் என்று சில கருவிகள் இருந்தன. வழி கண்டுபிடிப்பதோ பெரும்பாலும் கண்ணால்தான். ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஆறு, தேவாலயக் கோபுரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. தரை தெரிந்தால்தான் வழி தெரியும். ஆகவே மேகம் தாழ்ந்தால் விமானமும் தாழ வேண்டும். மேகத்தின் அடிப்பகுதி 300 மீட்டருக்கு வந்தால் விமானம் அதற்குக் கீழே, 150 மீட்டருக்கு வந்தால் இன்னும் கீழே. வானிலை கெடக் கெட விமானி தரையை நெருங்குகிறார். மேடு, மரம், கம்பம், கோபுரம் எல்லாம் இருக்கும் உயரம் அது.

1922 ஏப்ரல் 7 அன்று வடக்கு பிரான்சின் பிக்கார்டி பகுதியில் தூறலும் மூடுபனியும். பாரிஸிலிருந்து ஒரு பிரெஞ்சு ஃபார்மன் கோலியாத் விமானம் மூன்று பயணிகளுடன் லண்டன் நோக்கி வந்தது. லண்டனின் குரோய்டன் நிலையத்திலிருந்து ஒரு டி ஹாவிலண்ட் டிஎச்-18 தபால் பைகளுடன் பாரிஸ் நோக்கிப் போனது. இரண்டு விமானிகளும் தரை தெரிய வேண்டுமென்று சுமார் 150 மீட்டர் உயரத்தில் பறந்தார்கள். இருவரும் பின்பற்றியது ஒரே சாலை. எதிரெதிரே வந்து மோதியதில் இரண்டு விமானங்களிலும் இருந்த 7 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட முதல் விபத்து இது.

வானம் அகலமானது, அன்றைக்கு அதில் பறந்த விமானங்களோ வெகு சில. அப்படியும் மோதல் நடந்ததற்குக் காரணம், மூடுபனி அந்த அகலத்தை ஒரு சாலையின் அகலத்துக்குச் சுருக்கிவிட்டது. இதன் பிறகு குரோய்டனில் விமானிகளும் நிறுவனங்களும் கூடிப் பேசினார்கள். பின்பற்றும் சாலையையோ ரயில் பாதையையோ இடப்பக்கம் வைத்து, அதன் வலப்புறமாகவே பறக்க வேண்டும் என்ற விதி உறுதிப்பட்டது. வான்வழிப் பாதைகளைத் தெளிவாக வகுக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கே வலுத்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று ஒரு மூடுபனி நாளில் கிடைத்தது என்று சொன்னால் தவறில்லை.

## மேகத்துக்குள் உடலை நம்ப முடியாது

சரி, தாழ்வாகப் பறந்தால் ஆபத்து என்றால் மேகத்துக்குள்ளேயே நேராகப் போய்விடலாமே? 1920களில் பல விமானிகள் அப்படிப் போனார்கள். சிலர் மேகத்தின் அடியிலிருந்து சுழன்றுகொண்டு வெளியே விழுந்தார்கள். காரணம் காதுக்குள் இருக்கிறது.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன, அவற்றுக்குள் திரவம் உண்டு. தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே சீரான திருப்பம் சிறிது நேரம் நீடித்தால் திரவமும் அந்த வேகத்துக்கு வந்துவிடும், திரும்புகிற உணர்வே மறைந்துவிடும். திருப்பம் நின்றதும் எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் இருக்கும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றவர்களுக்கு இது தெரிந்ததுதான். கண் திறந்திருந்தால் ஓரிரு நொடியில் தெளிந்துவிடலாம். மேகத்துக்குள் கண்ணுக்குத் தெரிவது வெறும் வெண்மை, தெளிவதற்குப் பிடிமானம் இல்லை.

அதன் பிறகு நடப்பது ஏறத்தாழ எப்போதும் இந்த வரிசையில்தான்:

1. விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. மிக மெதுவாகச் சாய்வதால் உடலுக்குத் தெரிவதில்லை.
2. சாய்ந்த விமானம் திரும்பத் தொடங்குகிறது. இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு திருப்பத்துக்குப் போய்விடுவதால் உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது.
3. நேராகத்தான் பறக்கிறோம் என்று நம்பும் விமானி, மூக்கு கீழே போய்விட்டது போலிருக்கிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறார்.
4. சாய்வைச் சரிசெய்யாமல் இழுப்பதால் விமானம் ஏறாது, திருப்பம்தான் இறுகும். இறங்கும் வேகம் இன்னும் கூடும்.

இதில் திறமைக் குறைவு என்று எதுவும் இல்லை. பல ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் இதே காதுதான். 1926இல் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கரை, டேவிட் மையர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் கண்ணைக் கட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார். நாற்காலி எந்தப் பக்கம் சுற்றுகிறது, எப்போது நிற்கிறது என்று அந்த அனுபவசாலியால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை ஒரு பெட்டிக்குள் திருப்பங்காட்டிக் கருவியை வைத்துக்கொண்டு, அதை மட்டும் பார்த்துச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. உடலைக் கேட்காதே, கருவியைக் கேள் என்பதுதான் அந்தச் சோதனையின் முடிவு. அன்றைய விமானிகள் பலருக்கு இதை ஒப்புக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. உடலின் உணர்வை வைத்து ஓட்டுவதே நல்ல விமானிக்கு அடையாளம் என்று கற்றவர்கள் அவர்கள்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் இதைச் செய்து காட்டினார். இருக்கையைச் சுற்றி முழுக்க மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல் மேலேறி, சுற்றி வந்து, தரையிறங்கினார். அவசரத்துக்கு உதவ முன் இருக்கையில் இன்னொரு விமானி இருந்தார், ஆனால் அவருக்கு வேலை வரவில்லை. பயன்பட்ட கருவிகள் மூன்று வகை: சுழலும் கைரோவை வைத்து இயங்கும் செயற்கைத் தொடுவானமும் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) திசைக் கருவியும், சில மீட்டர் வேறுபாட்டையும் காட்டும் கோல்ஸ்மன் உயரமானி, தரையிலிருந்து வரும் ரேடியோக் கற்றை. இன்றைக்கும் விமானி அறையின் நடுவில் இருப்பது அந்தச் செயற்கைத் தொடுவானத்தின் வாரிசுதான்.

கருவி வந்ததால் பிரச்சினை முடிந்துவிடவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தவறியது, அதனால் இயந்திரம் நல்ல நிலையிலேயே நிலத்தில் மோதியது என்று விசாரணைக் குழு தன் முதற்கட்ட முடிவில் சொன்னது. தரையைப் பார்த்துப் பறப்பதிலிருந்து கருவியைப் பார்த்துப் பறப்பதற்கு நொடியில் மாற வேண்டிய அந்த இடம் இன்றும் மிக ஆபத்தான இடம்தான்.

## 'சதர்ன் கிளவுட்': விமானம் கிளம்பிய பிறகு வந்த வானிலைச் செய்தி

நான்காவது கேள்விக்கு, அதாவது வழியில் வானிலை எப்படி என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் 'சதர்ன் கிளவுட்' விபத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1931 மார்ச் 21 காலை, மூன்று இன்ஜின் கொண்ட இந்த ஆவ்ரோ விமானம் 6 பயணிகள், 2 விமானிகளுடன் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்டது. சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தும் சார்லஸ் உல்மும் தொடங்கிய ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனத்தின் விமானம் அது. விமானிகள் கையில் இருந்தது பழைய முன்னறிவிப்பு. வழியில் கடும் காற்றும் புயல் மழையும் என்ற புதிய செய்தியை வானிலை அலுவலகம் தயாரித்தபோது விமானம் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. விமானத்தில் ரேடியோ இல்லை. தரையில் இருந்தவர்களுக்கு ஆபத்து தெரிந்தது, அதைச் சொல்ல வழியில்லை.

எதிர்க்காற்று என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நேர்கோட்டில் சுமார் 700 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

1. காற்றே இல்லாவிட்டால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும்.
2. மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், தரையைப் பொறுத்த வேகம் 80தான். நேரம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.
3. விமானத்தின் வேகமானி சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகத்தையே காட்டும். அதில் 160 என்றுதான் இருக்கும். எதிர்க்காற்றின் அளவு அதில் தெரியாது.
4. தரை தெரியாத நிலையில் விமானி கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, 480 கிலோமீட்டர் வந்துவிட்டோம், மலைகள் பின்னால் போய்விட்டன என்பார். உண்மையில் வந்தது 240தான்.

வேகம், நேரம், திசை மூன்றையும் வைத்து இடத்தை ஊகிக்கும் இந்த முறைக்குக் கணித்துப் பறத்தல் என்று பெயர். முறையில் குறையில்லை, காற்றின் அளவு சரியாகத் தெரிந்திருக்கும் வரை. அது தவறினால் எல்லாமே தவறும்.

'சதர்ன் கிளவுட்' மெல்போர்ன் போய்ச் சேரவில்லை. கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் உட்படப் பலர் விமானங்களில் தேடியும் கிடைக்கவில்லை. 1958 அக்டோபரில், ஸ்னோவி மலைப்பகுதியின் மின்திட்டத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளி காட்டுக்குள் நடந்துபோனபோது சிதைவைக் கண்டார். 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. விமானம் கிடந்த இடத்தைப் பார்த்தவர்கள் ஊகித்தது இதுதான்: மலைத்தொடரைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து விமானி மேகத்தினூடே இறங்கியிருக்க வேண்டும். உறவினர்கள் அந்த 27 ஆண்டுகளும் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் இருந்தார்கள். ஏற்கெனவே பணநெருக்கடியில் இருந்த நிறுவனமும் விபத்துக்குப் பின் எழவில்லை.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். 1938 அக்டோபர் 25 அன்று அடிலெய்டிலிருந்து மெல்போர்ன் வந்த 'கையீமா' என்ற டிசி-2 விமானத்துக்குக் காற்று பின்னாலிருந்து வந்தது. மேக இடைவெளியில் தெரிந்த ஊரை, வழியில் அதற்கு முன்பே வந்துபோகும் வேறோர் ஊர் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். நினைத்ததைவிட வேகமாக வந்திருந்த விமானம், இறங்க வேண்டிய எஸ்ஸெண்டன் நிலையத்தைத் தாண்டிப்போய் டாண்டினாங் மலையில் மோதியது. 18 பேர் இறந்தார்கள். எஸ்ஸெண்டனில் விமானிக்கு வழிகாட்டும் ரேடியோக் கற்றைக் கருவியை நிறுவியிருந்தார்கள், ஆனால் அது சேவைக்கு வந்திருக்கவில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். முதல் விபத்தில் தீர்வு இல்லை, இரண்டாவதில் தீர்வு கட்டி முடித்து, பயன்படுத்தப்படாமல் நின்றது.

இடம் தெரியாமல் தவித்த விமானம் ஒன்று பிழைத்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1934 அக்டோபரில் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனம் 'உய்வர்' என்ற டிசி-2 விமானத்தைப் பயணிகளுடனேயே அனுப்பியது. முடிவிடத்தை நெருங்கும் நேரத்தில் நள்ளிரவு இடிமழையில் வழி தவறி, ஆல்பரி என்ற ஊருக்கு மேலே சுற்றியது. ஊரார் தெருவிளக்குகளை அணைத்து அணைத்து எரியவிட்டு மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் கார் வைத்திருப்பவர்களையெல்லாம் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அழைத்தார். கார் விளக்கு வெளிச்சத்தில் விமானம் பத்திரமாக இறங்கியது. சேற்றில் புதைந்ததை மறுநாள் காலை ஊரார் கயிறு கட்டி இழுத்துவிட, பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. அந்த இரவில் விமானிகளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல், ஊரே சேர்ந்து அதைக் கொடுத்தது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 20 அன்று, பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) நோக்கிப் போன அதே விமானம் ஈராக்கின் ருத்பா அருகே பாலைவனத்தில் மோசமான வானிலையில் விழுந்தது. 7 பேரும் இறந்தார்கள்.

## உயரமானி காட்டுவது உயரத்தை அல்ல

அன்றைய உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. மேலே போகப் போக அழுத்தம் குறையும் என்பதால் அதை உயரமாக மாற்றிக் காட்டும். தரை மட்டத்துக்கு அருகே ஒரு மில்லிபார் அழுத்தம் குறைந்தால் சுமார் 8 மீட்டர் உயர்ந்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும்.

புறப்படும் ஊரில் கருவியைச் சரிசெய்துவிட்டுத் தாழ்வழுத்தப் பகுதிக்குள் பறந்தால் என்ன ஆகும்? அங்கே அழுத்தம் 15 மில்லிபார் குறைவு என்றால், விமானம் ஏறாமலேயே கருவி 120 மீட்டர் அதிகமாகக் காட்டும். தாழ்வழுத்தம் என்றாலே மழை, மேகம், பார்வைக் குறைவு. கருவியை நம்பியே ஆக வேண்டிய நேரத்தில்தான் கருவி அதிகமாகக் காட்டுகிறது. போய்ச் சேரும் ஊரின் அழுத்தத்தை ரேடியோவில் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. தவிர, சரியாகத் திருத்திய உயரமானியும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றுதான் சொல்லும். கீழே இருப்பது வயலா குன்றா என்று அதற்குத் தெரியாது.

## மூடுபனியும் விமான நிலையமும்

மேகத்துக்குள் பறக்கக் கற்றுக்கொண்ட பிறகும் மேலேறுவதும் இறங்குவதும் கண்ணை நம்பியே இருந்தன. குரோய்டன் அன்று லண்டனின் முதன்மை விமான நிலையம். ஓடுபாதை கிடையாது, புல்வெளிதான். சுற்றிலும் மேடான நிலமும் வீடுகளும். நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து குளிர்காலத்தில் அடர்ந்த மூடுபனி இறங்கும். அதற்காகப் புல்லில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். பனியில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடி மேலேற வேண்டும்.

1936 டிசம்பர் 9 காலை ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிய கேஎல்எம் டிசி-2 அந்தக் கோட்டில் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் இடப்பக்கம் விலகியது. மேடு இருந்த பக்கம் அது. பர்லியில் ஒரு வீட்டில் மோதி எரிந்தது. இருந்த 17 பேரில் 15 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரைப் போல மேலே சுழலும் இறக்கை கொண்ட ஆட்டோஜைரோவைக் கண்டுபிடித்த ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வாவும், ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் அர்விட் லிண்ட்மனும் இறந்தவர்களில் இருந்தார்கள். இதில் இன்ஜின் கோளாறோ இறக்கைக் கோளாறோ பேசப்படவில்லை. கோடு தெரியாத அளவு பனி இருந்தால் கிளம்பக் கூடாது என்று தடுக்கும் உறுதியான எல்லைதான் இல்லாமல் இருந்தது.

மறுவருடம் நவம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் சபேனா நிறுவனத்தின் யுங்கர்ஸ் விமானம் மூடுபனியில் இறங்க முயன்று ஒரு செங்கல் சூளையின் புகைபோக்கியில் மோதியது. திருமணத்துக்காக லண்டன் போய்க்கொண்டிருந்த ஜெர்மனியின் ஹெஸ்ஸே அரச குடும்பத்தினர் அதில் இறந்தார்கள். 1933 டிசம்பர் 30 அன்று அதே பெல்ஜியத்தில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் ஒன்று மூடுபனியில் ஒரு வானொலிக் கோபுரத்தில் மோதி 10 பேரைப் பலிகொண்டது. எல்லாம் ஒரே வகை.

## வானிலை நேரடியாக உடைத்த விபத்துகள்

காற்றும் பனிக்கட்டியும் விமானத்தையே தாக்கியதும் உண்டு, ஆனால் அங்கும் காற்று மட்டுமே காரணமாக இருந்தது அரிது.

1930 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் மியோபம் கிராமத்துக்கு மேலே ஒரு யுங்கர்ஸ் எஃப்-13 மேகத்துக்குள் சிதறி 6 பேர் இறந்தார்கள். கொந்தளிப்பான காற்றில் இறக்கையிலிருந்து கிளம்பிய சுழல்கள் வால்பகுதியை அடித்து அதிரவைத்து உடைத்தன என்று பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. அந்த விசாரணை அறிக்கையைப் பொதுமக்கள் படிக்க வெளியிட்டார்கள். பிரிட்டனில் அது புதிய வழக்கம்.

1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் ஃபாக்கர் எஃப்-10 விழுந்து 8 பேர் இறந்தார்கள். கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி அவர்களில் ஒருவர் என்பதால் நாடே அதிர்ந்தது. அன்று மேகமும் குளிரும் இருந்ததால் பனிக்கட்டிதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். பிறகுதான் இறக்கையே முறிந்தது தெரியவந்தது. அந்த இறக்கை மரத்தால் செய்து பசையால் ஒட்டியது. ஈரம் உள்ளே புகுந்து பசையைப் பலவீனமாக்கும், அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பயணிகள் மர இறக்கை விமானங்களை நம்ப மறுத்தார்கள். டிடபிள்யூஏ முழு உலோக விமானம் கேட்டது, டக்ளஸ் நிறுவனம் டிசி-1 கட்டியது, அதிலிருந்து டிசி-2, டிசி-3 வந்தன.

பனிக்கட்டியின் சேதத்தை எடை என்று மட்டும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய தீமை, அது இறக்கையின் வடிவத்தை மாற்றிவிடுவது. முன்விளிம்பில் கரடுமுரடாகப் படியும் மெல்லிய அடுக்கே தூக்குவிசையைக் கணிசமாகக் குறைக்கும். இன்ஜினின் கார்புரேட்டரிலும் பனி படியும். எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே காற்று குளிர்வதால், ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் வெளியே குளிர் இல்லாவிட்டாலும் இது நடக்கும். 1930களின் தொடக்கத்தில் இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை பொருத்தி, அதைக் காற்றால் உப்ப வைத்துப் பனியை உடைக்கும் முறை வந்தது. போயிங் 247 போன்ற விமானங்களில் அது இடம்பெற்றது.

## புறப்படச் சொன்னது எது?

தொழில்நுட்பத்தை மட்டும் பேசினால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஆபத்து தெரிந்தும் விமானங்கள் ஏன் கிளம்பின? அன்றைய சேவைகள் பலவும் தபால் ஒப்பந்தத்தை நம்பி நடந்தவை. தபால் நேரத்துக்குப் போக வேண்டும். ரயிலும் கப்பலும் எந்த வானிலையிலும் போகும்போது விமானம் மட்டும் காத்திருந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கவலை நிறுவனங்களுக்கு இருந்தது.

லண்டன்-கராச்சி சேவையை இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று, இந்தியத் தபாலுடன் திரும்பிய 'சிட்டி ஆஃப் ரோம்' என்ற கடல் விமானம் இத்தாலியின் லா ஸ்பெசியா அருகே புயல் காற்றில் கடலில் இறங்க நேர்ந்தது. கப்பல் கட்டி இழுக்க முயன்றும் இரவில் மூழ்கி, இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு பிரிட்டனின் ஆர்-101 ஆகாயக் கப்பல், அதாவது வாயு நிரப்பி மிதக்கவைத்த பெரிய பறக்கும் கலம். கராச்சிக்குப் போய்வரும் பயணம் அது. விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு லண்டனில் நடக்கவிருந்த பேரரசு மாநாட்டுக்குள் திரும்பிவிட விரும்பினார். சோதனைகள் முழுமையாக முடியாத நிலையில் 1930 அக்டோபர் 4 மாலை மழைக்காற்றில் கிளம்பியது. மறுநாள் விடியுமுன் பிரான்சின் போவே அருகே தரையில் மோதி எரிந்தது. அமைச்சர் உட்பட 48 பேர் இறந்தார்கள்.

வேறு விதமாக நடந்தவர்களும் இருந்தார்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தார். பம்பாயின் ஜுஹு மைதானம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். டாடா நிறுவனம் அந்த மாதங்களில் தன் தளத்தைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டது. பருவமழையோடு மல்லுக்கட்டாமல் அதற்கேற்ப அட்டவணையை அமைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

## விசாரணையை யார் நடத்துவது?

1935 மே 6 அன்று டிடபிள்யூஏவின் டிசி-2 ஒன்று கான்சஸ் சிட்டியில் இறங்க வேண்டியது. வானிலை முன்னறிவிப்பைவிட மோசமாகிவிட்டது, விமானத்தின் ரேடியோவிலும் கோளாறு, எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. வேறு நிலையம் தேடி மிசூரி மாநிலத்தில் தாழ்வாகப் பறந்தபோது மூடுபனியில் தரையில் மோதியது. இறந்த 5 பேரில் செனட்டர் பிரான்சன் கட்டிங் ஒருவர்.

அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை விசாரித்து நிறுவனத்தின் மீது குற்றம் சொன்னது. ஆனால் வழிகாட்டி ரேடியோ நிலையங்களை நடத்தியதும் அதே துறைதான். தன் தவறைத் தானே விசாரிப்பது எப்படிச் சரியாகும் என்று செனட் குழு கேட்டது. பல ஆண்டு வாதத்துக்குப் பிறகு 1938இல் புதிய சிவில் விமானச் சட்டம் வந்தது, விபத்துகளை ஆராயத் தனி வாரியம் அமைந்தது. "வானிலை" என்று எழுதிக் கோப்பை மூடுவது அதன் பிறகு கடினமானது. எந்தத் தகவல் யாருக்கு எப்போது போயிருக்க வேண்டும், ஏன் போகவில்லை என்று கேட்கும் பொறுப்பு தனியாக ஓர் அமைப்பிடம் வந்துவிட்டது.

அந்த இருபது ஆண்டுகள் தீர்க்காமல் விட்டவையும் உண்டு. இடிமேகம் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் காட்டும் ரேடார், பயணிகள் விமானங்களுக்குப் போருக்குப் பிறகுதான் வந்தது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி அமெரிக்காவில் கட்டாயமானது 1974 டிசம்பரில் வர்ஜீனியாவில் ஒரு போயிங் 727 மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு. இடிமேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையில் பரவும் கீழ்வீச்சுக் காற்று எப்படி விமானத்தைக் கீழே தள்ளுகிறது என்பது, 1975 ஜூனில் நியூயார்க்கில் தரையிறங்கிக்கொண்டிருந்த இன்னொரு 727 விழுந்ததைத் தெட்சுயா ஃபூஜிடா ஆராய்ந்த பிறகே விளங்கத் தொடங்கியது.